ப்ரோக்ராம் கோடை எல்லாரும் பாக்கலாம்னா ஓப்பன் சோர்ஸ் எப்படி சேஃப்?

நட்டுபோல்ட்டு:
புது ப்ராஜெக்டுக்கு டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், வெப் சர்வர் என்ஜின்எக்ஸ்னு எழுதிக் குடுத்தேன், ரெண்டும் ஓப்பன் சோர்ஸ், மேனேஜர் பாத்த உடனே வேண்டாம்னுட்டார். கோடை ஊருக்கே காட்டிட்டு செக்யூரிட்டின்னா எப்படி, வீட்டு சாவிய வாசல்ல தொங்க விட்ட மாதிரி இல்லையாங்கறார். அவர் கையில இருக்கற ஆண்ட்ராய்டு போனே ஓப்பன் சோர்ஸான லினக்ஸ் கெர்னல்ல தான் ஓடுது, உலகத்துலயே வேகமான கம்ப்யூட்டருங்களோட டாப்500 லிஸ்ட்ல இருக்கற சூப்பர் கம்ப்யூட்டர் 500ம் 2017 நவம்பர்ல இருந்து லினக்ஸ் தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். ஆனா யோசிச்சா எனக்கே டவுட்டு, நிறைய பேர் யூஸ் பண்றாங்கன்னா அது சேஃப்னு ஆகிடுமா? பல பேர் பாக்கறதால பக் தப்பிக்காதுன்னு சொல்றாங்களே, நிஜமாவே யாராச்சும் உக்காந்து படிக்கறாங்களா?

ராக்கோழி:
உங்க மேனேஜர் சாவியையும் பூட்டையும் போட்டு குழப்பிக்கறார் பாஸ். வெளிய தெரியறது பூட்டு எப்படி செஞ்சிருக்குங்கறது தான், சாவி அதாவது பாஸ்வேர்டு, பிரைவேட் கீ எல்லாம் உங்ககிட்டயே தான் இருக்கு. டிசைன் மொத்தமும் எதிரி கையில மாட்டினாலும் சிஸ்டம் தாங்கணும்னு கெர்க்காஃப்ஸ்னு ஒரு கிரிப்டோ ஆள் 1883லயே எழுதிட்டார், அதுவும் மிலிட்டரிக்காக. இன்னிக்கு எங்க பாத்தாலும் இருக்கற, டேட்டாவ ரகசியமாக்கற ஏஇஎஸ் அல்காரிதம் முழுசா பப்ளிக், போட்டி வச்சு, உடைங்கடா பாக்கலாம்னு உலகத்துல இருக்கற கிரிப்டோ ஆளுங்ககிட்ட விட்டுட்டு தான் 2001ல ஸ்டாண்டர்டு ஆக்கினாங்க.

மூடி வச்சவங்க மட்டும் தப்பிச்சாங்களா என்ன? 2017 மே மாசம் ஃபைல பூட்டி வச்சு காசு கேக்கற வான்னாக்ரை ஆடின ஆட்டம், கோடை மூடி வச்ச விண்டோஸோட எஸ்எம்பிங்கற ஃபைல் ஷேரிங் ஓட்டை வழியா தான். சோர்ஸ் இல்லாமயே பைனரிய, அதாவது மெஷின் ஓட்டற ஃபைல, பிரிச்சு மேயறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க.

மெமரிலீக்:
ராக்கோழி சொல்றது சரி தான், ஆனா உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் அதுல இல்ல. யாராச்சும் படிக்கறாங்களான்னா, பெரும்பாலும் இல்லங்க.

ஹார்ட்பிளீடுங்கற பக்க எடுத்துக்கோங்க. கனெக்‌ஷன் உயிரோட இருக்கான்னு பாக்க நெட் கனெக்சன ரகசியமாக்கற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி ஓப்பன்எஸ்எஸ்எல்ல ஹார்ட்பீட்னு ஒண்ணு உண்டு, நான் கொஞ்சம் டேட்டா அனுப்பி இது இத்தனை பைட், அப்படியே திருப்பி அனுப்புன்னு சொன்னா சர்வர் அனுப்பும். சரி, நான் அனுப்பினது ஒரே ஒரு பைட், ஆனா 64 கேபின்னு புளுகினா? சர்வர் நிஜ நீளத்த செக் பண்ணவே இல்ல, மெமரில பக்கத்துல கிடந்ததையெல்லாம் சேத்து வாரிக் குடுத்துச்சு, அதுல அடுத்தவன் பாஸ்வேர்டு இருக்கலாம், பிரைவேட் கீயே இருக்கலாம், வழக்கமான லாக்ல ஒரு தடயமும் இருக்காது. ஒரு இஃப் கண்டிஷன் விட்டுப்போனதுக்கு இவ்ளோ பெரிய கூத்து. அந்த வெர்ஷன் வந்தது 2012 மார்ச், ஓட்டை வெளிய தெரிஞ்சது 2014 ஏப்ரல். ரெண்டு வருஷம் கோடு எல்லார் கண்ணு முன்னாடியும் தான் கிடந்துச்சு! அத மெயின்டெயின் பண்ணினவங்க விரல் விட்டு எண்ணிடலாம், பெரிய பெரிய கம்பெனியெல்லாம் அத வச்சு தான் காசு பாத்துச்சு, ஒருத்தனும் சல்லிக்காசு குடுக்கணும்னு நினைக்கல. வெடிச்சதுக்கு அப்புறம் தான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் மூலமா ஃபண்டு போட்டாங்க.

ஜாவா ப்ரோக்ராமுங்க லாக் எழுத யூஸ் பண்ற லாக்4ஜே லைப்ரரி கதையும் இதே தான். 2013ல சேத்த ஒரு ஃபீச்சர், அதுல இருந்த ஓட்டை 2021 டிசம்பர்ல வெளிய தெரிஞ்சு எல்லாருக்கும் தூக்கம் போச்சு.

பழையபாண்டி:
பக் கூட பரவால்ல தம்பி, தெரியாம வர்றது. வேணும்னே உள்ள வச்சா என்ன பண்ணுவீங்க? லினக்ஸ்ல ஃபைல சுருக்கற டூல் எக்ஸ்இசட் விஷயம் அப்படி தான். ஜியா டான்ங்கற பேர்ல ஒருத்தன், ஒருத்தனா கூட்டமான்னே தெரியல, ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா பேட்ச், அதாவது கோடு திருத்தம், அனுப்பி நல்ல பேர் எடுத்தான். அந்தப் பக்கம் வேற சில அக்கவுன்ட்டுங்க, வேலை லேட்டாகுது வேற ஆளப் போடுன்னு சம்பளமே இல்லாம தனியா பாத்துட்டு இருந்த மெயின்டெய்னர நச்சரிச்சுட்டே இருந்தாங்க, கடைசில ரிலீஸ் போடற உரிமை இவன் கைக்கு வந்துருச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, கிட்ல, அதாவது எல்லாரும் பாக்கற கோடு களஞ்சியத்துல, இருக்கற கோடை மட்டும் நீங்க வரி விடாம படிச்சிருந்தாலும் சிக்கியிருக்காது. விஷத்த டெஸ்ட் ஃபைல்னு பேர் வச்ச பைனரிக்குள்ள ஒளிச்சிட்டான், அத எடுத்து பில்டுக்குள்ள நுழைக்கற ஸ்க்ரிப்ட் வரி ரிலீஸ் டார்பால்ல, அதாவது டவுன்லோடுக்கு கட்டி வச்ச பொட்டலத்துல, மட்டும் தான் இருந்துச்சு, கிட்ல கிடையாது. அதனால கோடை யார் பாத்தாங்கன்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க, பாத்த கோடும் நம்ம மெஷின்ல ஓடற பைனரியும் ஒண்ணு தானான்னும் கேளுங்க. லினக்ஸ் டிஸ்ட்ரோவான டெபியன்ல ரீப்ரொட்யூசிபிள் பில்டுன்னு, ஒரே கோட யார் பில்டு பண்ணாலும் அதே பைனரி வரணும்னு, பல வருஷமா மல்லுக்கட்டறது இதுக்கு தான், யாரும் கண்டுக்கறதில்ல.

ராக்கோழி:
அண்ணே, அது சிக்கினதும் ஓப்பனா இருந்ததால தானே? அந்த விஷம் ஏறினதால, தூரத்துல இருந்து மெஷினுக்குள்ள நுழையற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்டு லேட்டாகுதேன்னு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் தோண்டப் போய் தான் 2024 மார்ச் 29 மேட்டர் வெளிய வந்துச்சு. க்ளோஸ்டு சாஃப்ட்வேர்னா சப்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட் போட்டுட்டு போயிருப்பார்.

பழையபாண்டி:
ஒத்துக்கறேன். ஆனா அந்த மனுஷனுக்கு அன்னிக்கு அரை செகண்டு பெருசா படாம இருந்திருந்தா? விஷம் இருந்த எக்ஸ்இசட் வெர்ஷன் 5.6.0, 5.6.1 ரெண்டும் டெஸ்டிங் லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள்ல ஏற்கனவே ஏறிடுச்சு, ஸ்டேபிளுக்கு வந்திருந்தா நாறியிருக்கும். அதிர்ஷ்டத்த கணக்குல சேக்காதீங்க. நட்டுபோல்ட்டு தம்பி, அந்த ஃப்ராய்ண்ட் நீங்க கேட்ட போஸ்ட்கிரெஸ்ல டெவலப்பர், அத வேணா மேனேஜர்கிட்ட சொல்லிப் பாருங்க.

நட்டுபோல்ட்டு:
ஹாஹா சொல்லிடறேன். அப்போ நடைமுறைல நான் என்ன தான் பண்றது? டிஸ்ட்ரோ பேக்கேஜ் போடவா, இல்ல யாராச்சும் எல்லாத்தையும் சேத்து ரெடியா கட்டி வச்ச டாக்கர் இமேஜ் ஏதாச்சும் எடுத்துக்கவா?

மெமரிலீக்:
யாரோ பேர் தெரியாதவன் ஏத்தின இமேஜ தொடாதீங்க. டிஸ்ட்ரோ ஸ்டேபிள் பேக்கேஜ் போடுங்க, செக்யூரிட்டி அப்டேட் ஆட்டோமேட்டிக்கா வைங்க. மேனேஜருக்கு அமெரிக்க கிரெடிட் கம்பெனி ஈக்விஃபேக்ஸ் கதை சொல்லுங்க, அவங்க யூஸ் பண்ணின அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்ங்கற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்ல ஓட்டை, 2017 மார்ச்லயே பேட்ச் வந்தாச்சு, போடாம விட்டாங்க, மே மாசம் உள்ள பூந்து கிட்டத்தட்ட 14.7 கோடி பேர் டேட்டாவ அள்ளிட்டு போயிட்டாங்க. அதனால ப்ரபோசல்ல அப்டேட் யார் பொறுப்புன்னு ஒரு ஆள் பேர் எழுதுங்க. லீவுல போனா அடுத்தது யாருன்னும் சேத்து எழுதுங்க, அந்தக் கட்டத்த எல்லாரும் காலியா தான் விடறாங்க.