தியானம் பண்ண எனக்குன்னு ஒரு காரணம் எப்படி கண்டுபிடிக்கிறது?

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்த விஷயம். தியானம் எப்படி பண்றதுன்னு ஓரளவு தெரியும், மூச்சைக் கவனிக்கணும், மனசு எங்கயாவது ஓடினா திரும்பக் கூட்டிட்டு வரணும், அதுல டவுட் இல்ல. ஏன் பண்ணணும்ங்கறதுலதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ஸ்ட்ரெஸ் குறையும், ஃபோகஸ் வரும், நல்லா தூக்கம் வரும்னு ஆளாளுக்கு சொல்றாங்க, கேக்குறப்ப சரின்னுதான் படுது, ஆனா காலைல அலாரம் அடிக்கும்போது அந்த லிஸ்ட்ல ஒண்ணு கூட என்னைப் படுக்கைய விட்டு எழுப்ப மாட்டேங்குது. பெரிய கஷ்டம்னு எனக்கு எதுவும் இல்ல, பக்தியும் கம்மி, முக்தி ஞானம்னு ஆரம்பிச்சா கொட்டாவிதான் வருது. கொஞ்ச நாள் உக்காருவேன், அப்புறம் தானா விட்டுப்போயிடும், விட்டதே ரொம்ப லேட்டாதான் ஞாபகம் வரும். தொடர்ந்து பண்றவங்க சொல்லுங்க, உங்கள உக்கார வைக்கிறது எது? பலன் லிஸ்ட் மட்டும் வேணாம் ப்ளீஸ்.

மௌனச்சாமி:
எனக்குக் கோவம். பேரப் பாத்து ஏமாறாதீங்க, நான் வீட்ல கத்துற ஆளு. கத்துறதுக்கு முன்னாடி எனக்குத் தாடை இறுகும், காது மடல் சூடாகும், மூச்சு மேல நெஞ்சுலயே நின்னுடும், இதெல்லாம் இத்தன வருஷமா நடந்துட்டுதான் இருந்திருக்கு, ஆனா உக்கார ஆரம்பிச்ச அப்புறம்தான் கண்ணுக்கே பட்டுது. இப்ப தாடை இறுகுறது தெரிஞ்சா ஒரு அரை செகண்ட் கிடைக்குது. அந்த அரை செகண்ட்ல பாதி நேரம் கத்தத்தான் செய்றேன் (பொய் சொல்லக்கூடாதுல்ல), மீதி நேரம் எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிடுறேன். முன்னாடியெல்லாம் என் பொண்ணு ஏதாவது சொல்லிட்டு இருக்கும்போது என் மூஞ்சியப் பாத்துட்டு பாதிலயே நிறுத்திடுவா. இப்ப அது குறைஞ்சிருக்கு. காலைல சோம்பலா இருந்தா அத நினைச்சுப்பேன், போதும், கால் தானா பாய்க்குப் போயிடும்.

கேள்விப்பிசாசு:
நீங்க லிஸ்ட் வேணாம்னு சொன்னது சரிதான்னு ஆராய்ச்சிய வெச்சே சொல்லலாம். 2014ல ஜாமா இன்டர்னல் மெடிசின் ஜர்னல்ல ஒரு பெரிய அலசல் வந்துச்சு, 47 ஆய்வு, 3,500 பேருக்கு மேல. பதட்டம், மனச்சோர்வு, வலி இதுக்கெல்லாம் நடுத்தரமான அளவுக்கு ஆதாரம் இருக்குன்னாங்க, ஆனா கவனம், தூக்கம், வெயிட் இதுலயெல்லாம் பலன் உண்டுன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் பத்தலன்னுட்டாங்க. எக்சர்சைஸ், மருந்து மாதிரி மத்த வழிகள விட தியானம் ஒசத்தின்னு காட்டவும் ஆதாரம் கிடைக்கல. ஆக பொதுப்பலன நம்பி உக்காந்தா, வாக்கிங் போனா பத்தாதான்னு மனசு கேக்கத்தான் செய்யும், அது கேக்குறதுல தப்பும் இல்ல.

இன்னொண்ணு, 1992ல டீன் ஷாபிரோன்னு ஒருத்தர் பல வருஷமா தியானம் பண்ணிட்டு வர்றவங்ககிட்ட நீங்க எதுக்கு பண்றீங்கன்னு கேட்டுப் பாத்தார். பதில் எல்லாம் மோட்டா மூணு வகைல வந்து விழுந்துச்சு. தன்னைக் கட்டுக்குள்ள வெச்சுக்க, தன்னைத் தெரிஞ்சுக்க, தன்னை விட்டு விடுபட. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அவங்கவங்க எதைத் தேடி உக்காந்தாங்களோ ஏறக்குறைய அதுதான் அவங்களுக்குக் கிடைச்சிருந்துது, அதோட நாள் ஆக ஆக காரணமும் முதல் வகைலேர்ந்து அடுத்ததுக்கு நகரப் பாத்துச்சு. சின்ன ஆய்வுதான், ரொம்ப தூக்கி வெச்சுக்க வேணாம். ஆனா உங்க கேள்விக்கு ஒரு விஷயம் கிடைக்குது பாருங்க, இப்ப கிடைக்கிற காரணம் சாகுற வரைக்கும் தாங்கணும்னு ஒண்ணும் இல்ல. மௌனச்சாமிக்கு கோவம் முதல் வகை. நாளைக்கு அவரே கோவப்படுறது யாருன்னு தேட ஆரம்பிச்சா ஆச்சரியமில்ல.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனைல ஜான் கபட்-ஜின்னு ஒருத்தர் 1979ல தியானம் சொல்லித்தர்ற புரோகிராம் ஆரம்பிச்சப்ப வந்தவங்க நிறைய பேரு, வருஷக்கணக்கா வலி இருந்து மருந்துல தீராதவங்க. அவங்களுக்குக் காரணம் தேட வேண்டிய வேலையே இல்ல, அது முதுகுலயே இருந்துச்சு. உங்கள மாதிரி (என்ன மாதிரியும்) பெருசா வலி இல்லாதவங்களுக்குத்தான் இந்தத் தேடல். அதுக்கு நான் சொல்ற வழி, தியானத்தப் பத்தி யோசிக்கிறத விட்டுட்டு உங்க நாளப் பாருங்க. எந்த இடத்துல நீங்க இருக்குற விதம் உங்களுக்கே பிடிக்கல? பெரிய இடமா இருக்க வேணாம், ஆனா திரும்பத் திரும்ப வர்ற இடமா இருக்கணும். "நிம்மதி வேணும்"னு வெச்சுக்கிட்டா வந்துச்சா வரலையான்னு எப்படித் தெரியும், "மீட்டிங்ல அடுத்தவங்க பேச்ச வெட்டாம இருக்கணும்"னா சாயங்காலமே தெரிஞ்சுடும்.

ஓரமா_ஒருத்தி:
நான் எதிர்ப்பாட்டு பாடிக்கிறேன். காரணமே கிடைக்கலன்னா விட்டுடுங்களேன்? தியானம் பண்ணாதவங்க எல்லாம் குறைப்பட்ட மனுஷங்க மாதிரி ஒரு பேச்சு இப்ப ஓடுது, எனக்கு அது ஒப்பல. தோட்டவேலை, பாட்டு, நீச்சல், எதுலயாவது மனசு ஒட்டுச்சுன்னா அதுவே போதும். அப்புறம் பழைய அதிர்ச்சி எதையாவது சுமந்துக்கிட்டு இருக்குறவங்களுக்குக் கண்ணை மூடினா நிலைமை மோசமாகவும் வாய்ப்பிருக்கு, நான் கிட்ட இருந்து பாத்திருக்கேன், அவங்க வில்பவர்னு பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காராம டாக்டர் இல்ல கவுன்சிலர்கிட்ட பேசிட்டு ஆரம்பிக்கிறது நல்லது. அரைத்தூக்கத்துக்கு இது பொருந்தாதுன்னு தெரியும், படிக்கிற மத்தவங்களுக்காகப் போட்டேன்.

வேடிக்கைமன்னன்:
எனக்கு வெறும் வேடிக்கைதான் ப்ரோ. மூக்கு நுனி அரிக்கும், சொறியாம விட்டா அது ஏறி ஏறி உயிரே போற மாதிரி ஆகி அப்புறம் எங்க போச்சுன்னே தெரியாம போயிடும். இதப் பாக்கத்தான் தினம் உக்காருறேன், சீரியஸா.

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் நன்றி. விட்டுடுங்கன்னு சொன்னது கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா விட்டா ஏதோ உறுத்துது, இல்லன்னா இங்க வந்து கேட்டிருக்கவே மாட்டேன். பிடிக்காத இடம் எதுன்னு யோசிச்சுப் பாத்தேன். கோவம் எனக்கு வராது, அதுக்குப் பதிலா நான் இருக்குற இடத்துல இருக்க மாட்டேன். அம்மா போன்ல பேசுவாங்க, ம் ம்னு சொல்லிட்டே இருப்பேன், வெச்ச உடனே என்ன பேசினாங்கன்னு கேட்டா ஒரு வரி சொல்லத் தெரியாது. போன வாரம் அவங்க கண் ஆபரேஷன் தேதிய ரெண்டாவது தடவை சொல்ல வெச்சேன், "சொன்னேனேப்பா"ன்னு மட்டும் சொல்லிட்டு திரும்ப சொன்னாங்க. இதெல்லாம் ஒரு காரணமா? ரொம்ப சில்லறையா இல்ல?

கேள்விப்பிசாசு:
சில்லறையா இருக்குறதாலதான் செலவாகும். ஒரே ஒரு விஷயம், உக்காந்திருக்கும்போது அம்மாவ நினைச்சு குற்ற உணர்ச்சில உருகாதீங்க, அப்புறம் அதுவே ஒரு ஓட்டமாயிடும். உக்காருறதுக்கு முன்னாடி ஒரு தடவை நினைச்சுட்டு மூச்சுக்குப் போயிடுங்க. நேரம் கம்மியா வெச்சுக்கங்க, 5 நிமிஷம் தாராளம்.

மௌனச்சாமி:
+1. அம்மா போன் வந்தா எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு முழுசா விட்டுட்டு எடுங்க, அதையும் கணக்குல சேத்துக்கலாம். ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஸ்க்ரோல் பண்ற பழக்கம் இருந்தா அத இன்னைக்கே நிறுத்துங்க, அதுக்குத் தியானமெல்லாம் வேணாம்.