பத்துப் பேரில் ஒருவர்தானா? டிவெட் காலேஜ் பற்றி ஆளுக்கொரு கணக்கு

பழைய சுண்ணக்கட்டி (டர்பன், தென்னாப்பிரிக்கா):
ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கல்வி உதவிக் கூட்டம். ஒருவர் மைக்கைப் பிடித்து, "டிவெட் காலேஜில் சேருகிற பத்துப் பேரில் ஒருவர்தான் முடிக்கிறார், மற்ற ஒன்பது பேரும் ஃபெயில், அங்கே அனுப்பிப் பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள்" என்று பேசிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் வேறு. நான் அந்த மாதிரி அரசுத் தொழிற்கல்விக் காலேஜில்தான் ரிட்டயர் ஆகும்வரை பாடம் நடத்தினேன். அவர் சொன்ன எண் எதைப் பற்றியது தெரியுமா? 2016இல் என்.சி.வி. என்கிற தொழிற்கல்விச் சான்றிதழ்ப் படிப்பில் லெவல் 2இல் சேர்ந்தவர்களில் 2018 முடிவதற்குள் லெவல் 4 முடித்தவர்கள் 9.2 சதவீதம். மூன்று வருடப் படிப்பு, மூன்றே வருடத்தில் முடித்தவர்கள். ஒரு பாடம் நின்று நாலாவது வருடம் எழுதிப் பாஸானவன் இதில் கிடையாது. பள்ளி முடித்துவிட்டு வந்து என்4, என்5, என்6 படிக்கிற கூட்டம் இதில் கிடையாது. மைக் கிடைத்தால் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்!

பீனிக்ஸ் கணக்கர்:
"ஒருவர்" என்று ஜாடை எதற்கு சார், நான்தான் பேசினேன். அந்த 9.2 உயர்கல்வித் துறையே சொன்ன எண். நான் வீட்டில் உட்கார்ந்து சமைக்கவில்லை. பத்துப் பேர் உள்ளே போனார்கள், ஒருவர் காகிதத்தோடு வெளியே வந்தார். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

பழைய சுண்ணக்கட்டி:
மூன்று வருடத்துக்குள் என்று சேர்த்துச் சொல்லுங்கள், தம்பி. மூன்று வருடத்துக்குள்.

பீனிக்ஸ் கணக்கர்:
மூன்று வருடப் படிப்பை மூன்று வருடத்தில் முடிக்காமல் முப்பது வருடத்திலா முடிப்பார்கள்?

ஜோபர்க் ஐடி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மேட்ரிக்கில், அதாவது கிரேடு 12 பள்ளி முடிவுப் பரீட்சையில், 2024இல் 87.3 சதவீதம் பாஸ் என்று அமைச்சரே அறிவித்தார். அங்கே 87, இங்கே 9. காலேஜில்தானே கோளாறு? எங்கள் ஊரில் பாலிடெக்னிக்கில் இப்படி நடந்தால் அப்பாமார்கள் பிரின்சிபால் ரூமை முற்றுகையிடுவார்கள்.

பழைய சுண்ணக்கட்டி:
உங்கள் ஊர்க் கதையை அப்புறம் பார்க்கலாம். அந்த 87.3 என்பது பரீட்சை ஹாலுக்கு வந்து உட்கார்ந்தவர்களில் பாஸானவர்கள். கிரேடு 10இல் இருந்துவிட்டுப் பாதியில் காணாமல் போனவர்கள் அதில் சேர மாட்டார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் எதிர்க்கட்சிகள் இதைச் சொல்லித்தான் சண்டை போடுகிறார்கள், டி.வி. பார்ப்பதில்லையா? காலேஜ்களும் அதே மாதிரி எழுதியவர்களை மட்டும் வைத்து ஒரு தேர்ச்சிக் கணக்கு வைத்திருக்கின்றன. அது இந்த 9.2ஐ விடப் பல மடங்கு அதிகம். கணக்கர் தம்பி அதை எடுக்காமல் இதை எடுத்தது ஏன்?

பீனிக்ஸ் கணக்கர்:
எழுத வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தக் காலேஜும் நல்ல காலேஜ்தான் சார். ஓடிப்போனவர்களையும் எண்ணுவதுதான் நேர்மை. பத்தில் ஒருவர்.

வெரூலம் அக்கா:
ஐயா, ஒரு சந்தேகம். என் பெரிய மகள் என்6 வரை எல்லாப் பாடமும் பாஸ் பண்ணிவிட்டாள். டிப்ளமா வேண்டுமென்றால் 18 மாதம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்ததற்குக் கையெழுத்து வேண்டுமாம். எந்தக் கம்பெனி எடுக்கிறது? கேட்டால் டிப்ளமா கொண்டுவா என்கிறார்கள். இவள் பாஸா, ஃபெயிலா? அடுத்தவனை என்.சி.வி.யில் போடுவதா, மேட்ரிக் முடிக்க வைத்து என்4இல் போடுவதா என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பழைய சுண்ணக்கட்டி:
அக்கா, அதற்குத்தான் வருகிறேன். முதலில் இவருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஓடிப்போனவர்களாம். யார் ஓடுகிறார்கள், எப்போது ஓடுகிறார்கள் என்று வகுப்பில் நின்றவனைக் கேளுங்கள். என்.சி.வி. கிரேடு 9 முடித்தவனுக்காக 2007இல் வந்தது. ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் மேட்ரிக் முடித்துவிட்டு வேறு எங்கும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். மறுபடி லெவல் 2இல் உட்கார்ந்து பழைய பாடத்தையே படிக்கச் சொன்னால் எவனுக்கு மனசு வரும்? ஏழு பாடம், அதில் கணக்கும் மொழியும் உண்டு. பிப்ரவரியில் பெஞ்சுக்கு மூன்று பேர் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். அலவன்ஸ் தாமதமானால் டாக்ஸிக்குக் காசு இருக்காது, உம்லாசியிலிருந்து வருகிறவன் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவான். அலவன்ஸ் கொடுக்கிற அரசு மாணவர் நிதியான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். விதிப்படி 80 சதவீதம் வருகை வேண்டும். வருவதற்குக் காசு இல்லை, வராவிட்டால் காசு இல்லை. ஆகஸ்டில் அதே பெஞ்சில் ஒருவன் இருப்பான்.

ஃபிட்டிங் ஒர்க்‌ஷாப் என்றால் என்ன என்று பார்த்திருக்கிறீர்களா? வைஸில் ஒரு இரும்புத் துண்டைப் பூட்டி நாள் முழுக்க அரம் போட வேண்டும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் கீற்று வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி அரம். கை சரியாக வருவதற்கு முன் பையனுக்கு ப்ராஸ்பெக்டன் பக்கம் ஏதாவது ஆலையில் கூலி வேலை கிடைத்துவிடும். போய்விடுவான். கணக்கர் நோட்டில் அவன் ஃபெயில்.

ரெஞ்சுக்காரன் (ரிச்சர்ட்ஸ் பே):
அந்தப் பையன் நான்தான். லெவல் 3 பாதியில் விட்டேன், அப்ரெண்டிஸாகக் கிடைத்தது. பிறகு ஒலிஃபன்ட்ஸ்ஃபொன்டைன் போய் ட்ரேட் டெஸ்ட் எழுதி ரெட் சீல் என்கிற தொழில் தேர்ச்சிச் சான்றிதழ் வாங்கினேன். கணக்கர் அண்ணா ஏ.சி. ரூமில் வாங்குவதைவிட எனக்குக் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. ஆனால் நான் அந்த ஒன்பதில் ஒருவன். ஃபெயில்!

பீனிக்ஸ் கணக்கர்:
ஒருவர் தப்பித்துக் கரையேறிவிட்டார் என்பதற்காக ஆற்றில் முதலை இல்லை என்று ஆகிவிடாது. மற்ற எட்டுப் பேர் எங்கே, தம்பி? அதுவும் உங்களைக் கரையேற்றியது காலேஜ் இல்லையே, உங்கள் முதலாளி. என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள், நன்றி.

ரெஞ்சுக்காரன்:
அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது காலேஜ். முதலாளி இல்லை.

டோங்காட் பாட்டன்:
எல்லாம் அரசியல். எங்கள் காலத்தில் எம்.எல்.சுல்தான் டெக்னிகல் காலேஜ் இருந்தது. ராத்திரி வகுப்பு. பகலில் வேலை, சாயங்காலம் பஸ் பிடித்துப் படிப்பு. எவனும் அலவன்ஸ் கேட்கவில்லை. 2002இல் நேட்டால் டெக்னிகானோடு சேர்த்தார்கள், அதோடு முடிந்தது. ஒரு தமிழர் கொடுத்த சொத்து!

ஜோபர்க் ஐடி:
அவர் மலபார்க்காரர் இல்லையா? ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர் என்று படித்த ஞாபகம்.

டோங்காட் பாட்டன்:
நேற்று விமானத்தில் வந்து இறங்கிய நீ எனக்கு டர்பன் சரித்திரம் சொல்கிறாயா?

பழைய சுண்ணக்கட்டி:
பாட்டா, சுல்தான் மலபார்க்காரர்தான். அவர் காலேஜ் இன்றைக்கு டர்பன் டெக்னாலஜி யூனிவர்சிட்டியாக (டி.யு.டி.) நடக்கிறது, செத்துப்போகவில்லை. நாம் பேசுவது டிவெட். 1998 சட்டத்துக்குப் பிறகு 152 டெக்னிகல் காலேஜ்களைச் சேர்த்து 50 ஆக்கினார்களே, அவை. தயவுசெய்து ஒன்றோடு ஒன்றைக் குழப்பாதீர்கள். அப்புறம், அந்தக் காலத்தில் எவனும் பாதியில் விடவில்லை என்று யார் எண்ணினார்கள்? எண்ணாததால் எல்லாரும் பாஸ்.

சரி, யூனிவர்சிட்டி என்றதும் நினைவு வந்தது. கூட்டத்தில் "யூனிவர்சிட்டிக்கு அனுப்புங்கள்" என்றாரே தம்பி, 2013இல் உயர்கல்விக் கவுன்சில் அறிக்கை என்ன சொன்னது? நேரில் போய்ப் படிக்கிற யூனிவர்சிட்டிகளிலேயே குறித்த காலத்தில் முடித்தவர்கள் நான்கில் ஒருவர். சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பட்டமே வாங்க மாட்டார்கள் என்று கணித்தது. இதை ஏன் மைக்கில் சொல்லவில்லை?

பீனிக்ஸ் கணக்கர்:
நான்கில் ஒருவர், பத்தில் ஒருவர். எது பெரியது சார்? எனக்குத் தெரிந்த கணக்கில் நான்கில் ஒருவர்தான்.

பழைய சுண்ணக்கட்டி:
அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்று இருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு. அங்கே அரசு தேர்ச்சி விகிதம் எடுக்கும்போது மூன்று வருடம் வரை பொறுத்திருந்து எண்ணுகிறது. ஒன்றரை மடங்கு அவகாசம். அதிலும் முதல்முறை சேர்ந்த முழுநேர மாணவர்களைத்தான் அந்தக் கணக்கில் எடுப்பார்கள். நடுவில் யூனிவர்சிட்டிக்கு மாறினவர்களைத் தனியாகக் காட்டுவார்கள். அவ்வளவு சலுகை கொடுத்தும் அங்கே எண் குறைவு என்று புலம்பல்தான். நம் பையனுக்கு ஒரு நாள்கூட அதிகம் கிடையாது. மூன்று வருடத்துக்குள் என்பதை மட்டும் நாலரை என்று மாற்றி எண்ணிப் பாருங்கள், அப்புறம் மைக்கைப் பிடியுங்கள்.

பீனிக்ஸ் கணக்கர்:
எண்ணிப் பார்த்து நீங்களே சொல்லுங்களேன். நாலரை வருடத்தில் எத்தனை? எண் இல்லாமல் வாயால் பந்தல் போடுகிறீர்கள். என்னிடம் எண் இருக்கிறது. பத்தில் ஒருவர்.

ஜோபர்க் ஐடி:
கோவிட், 2021 கலவரம், 2022 வெள்ளம், இதெல்லாம்கூடக் காரணமாக இருக்கலாம்.

பீனிக்ஸ் கணக்கர்:
2018 முடிவில் எடுத்த கணக்குக்கு 2020இல் வந்த கோவிட் காரணமா! நல்ல ஐடி.

ஜோபர்க் ஐடி:
பொதுவாகச் சொன்னேன்.

வெரூலம் அக்கா:
நான் கேட்ட கேள்வி மேலே அப்படியே கிடக்கிறது. கோவில் கூட்டத்திலும் இதே கதைதான், ஆண்பிள்ளைகள் மைக்கை விடுவதில்லை. என் மகளை யாருடைய கணக்கிலும் காணோம். பாஸ் பண்ணினவர்களுக்கே சான்றிதழ் வராமல் தேங்கி, பத்து வருடத்துக்கு முன் நாடாளுமன்றம் வரை பேசினார்களே, அதையாவது யாராவது எடுத்தீர்களா?

பழைய சுண்ணக்கட்டி:
அக்கா, சின்னவன் மேட்ரிக்கை முடிக்கட்டும், பிறகு என்4. ஆனால் கைவேலையில் ஆசை என்றால் என்.சி.வி.யே நல்லது. அது பையனைப் பொறுத்தது. விரிவாக எழுதுகிறேன், இவர் விட்டால்.

பீனிக்ஸ் கணக்கர்:
பார்த்தீர்களா அக்கா, அவரே "மேட்ரிக்கை முடிக்கட்டும்" என்கிறார். சொந்தக் காலேஜ் மேல் அவ்வளவு நம்பிக்கை!

பழைய சுண்ணக்கட்டி:
திரிக்காதீர்கள். என்4உம் அதே காலேஜில்தான் நடக்கிறது, அதுகூடத் தெரியாமல்தான் கல்விக் கமிட்டியில் இருக்கிறீர்கள். பொருளாளர் தேர்தலில் என்னைத் தோற்கடித்ததிலிருந்து உங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

பீனிக்ஸ் கணக்கர்:
ஆகா, வந்தது விஷயம்! தேர்தல் காயம் இன்னும் ஆறவில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு புள்ளிவிவரம் தேவைப்பட்டிருக்காதே.

ரெஞ்சுக்காரன்:
அதை விடுங்கள் அண்ணா. கல்வி நிதியிலிருந்து டிவெட் பிள்ளைக்கு இதுவரை ஒரு ராண்டாவது போனதுண்டா? எல்லாம் யூனிவர்சிட்டிப் பிள்ளைகளுக்குத்தானே?

பீனிக்ஸ் கணக்கர்:
முடிக்கிறவர்களுக்குக் கொடுப்பதுதான் கமிட்டி முடிவு. பத்தில் ஒருவர் முடிக்கிற இடத்துக்கு ஊர்ப் பணத்தைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கணக்குப் புத்தகம் கோவில் ஆபீசில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பழைய சுண்ணக்கட்டி:
மூன்று வருடத்துக்குள் பத்தில் ஒருவர். புத்தகம் பார்க்கத்தான் தைப்பூசத்தன்று வந்தேன். பீரோ சாவி உங்களிடம் என்றார்கள்.

பீனிக்ஸ் கணக்கர்:
காவடி எடுக்கிற அன்றைக்கு எவராவது கணக்குப் பார்க்க வருவாரா சார்?