‘ஓரிரு இடங்களில்’ மழை: அந்த இடம் நம் களமாக இருந்தபோது

களத்துமேடு (திருவாரூர் பக்கம்)

வரும் வாரத்துக்கான வானிலை அறிக்கையைக் காலையில் படித்தேன். புதன்கிழமை வரை வறண்ட வானிலை. வியாழன் முதல் டெல்டாவிலும் உள் மாவட்டங்களிலும் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் லேசானது முதல் மிதமான மழை. பகல் வெப்பம் இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி கூடுதல். போன பங்குனியிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான்.

அப்போது சம்பா தரிசில் தெளித்திருந்த உளுந்தைப் பறித்துக் களத்தில் பரப்பியிருந்தேன். நெற்று இன்னும் ஒரு நாள் காய்ந்தால் டிராக்டர் விட்டு அடித்துவிடலாம். மாவட்டத்தில் இத்தனை ஊர் இருக்க, மழை என் களத்தையா தேடி வரப்போகிறது என்று தார்ப்பாயை வீட்டிலேயே போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது மனைவியிடமிருந்து போன். முக்கால் மணி நேரம்தான் பெய்ததாம். மண்டபத்துக்கும் களத்துக்கும் மூன்று கிலோமீட்டர். மண்டப வாசலில் புழுதி பறந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் நெற்றுக்குள்ளேயே உளுந்து முளைவிட்டது. மிச்சத்தை வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கீழே போட்டுவிட்டார்.

பிறகுதான் விசாரித்தேன். ‘ஓரிரு’ என்பது அறிக்கையில் பேச்சுக்குச் சொல்வது அல்ல. அது ஓர் அளவு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்றால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை ‘ஒருசில’. 75 வரை ‘அநேக’. அதற்கும் மேலே போனால் ‘பெரும்பாலான’. நான்கில் ஒரு பங்கு வரை என்று தெரிந்திருந்தால் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டே பந்திக்குப் போயிருப்பேன். உங்களையும் இப்படி ஒரு சொல் காலை வாரியிருந்தால் எழுதுங்கள்.

உப்புப் பாத்தி (வேதாரண்யம்)

அண்ணா, உங்களை ‘ஓரிரு’ கவிழ்த்தது. என்னைக் கவிழ்த்தது ‘லேசான’. ஒரு நாளில் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கணக்கில் அது லேசான மழை. 64.4 வரை மிதமானது. அதைத் தாண்டினால்தான் கனமழை. ஆக, ஒன்றரை சென்டிமீட்டர் கொட்டினாலும் பெயர் ‘லேசு’தான். வயலுக்கு அது நல்லது. உப்பளத்துக்கு? நாள் கணக்கில் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவைத்து, அடர்த்திமானியில் 25 டிகிரி காட்டும் அளவுக்குக் கொண்டுவந்து, உப்பு பூத்துக் கிடக்கும் நேரத்தில் அதில் பாதி விழுந்தாலே போதும்.

தொழிலுக்கு நான் புதிது. அறிக்கையில் மழை என்று கண்டதும் பதறிப்போய், இரவோடு இரவாக ஆளைக் கூப்பிட்டு டார்ச் வெளிச்சத்தில் வாரினோம். பொடி உப்பு, ஈரம் சொட்டச் சொட்ட. அன்று வேதாரண்யத்தில் ஒரு துளி இல்லை. வாரியது பாதி விலைக்குப் போயிற்று. இரண்டு வாரம் கழித்து அதே வாசகம். சூடு கண்ட பூனை அல்லவா, அசையாமல் இருந்தேன். 8 மில்லிமீட்டர் பெய்தது. விடிந்து போய்ப் பார்த்தால் பாத்தியில் வெறும் தண்ணீர். மறுபடி உப்பு எடுக்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் கூலிக்கு வருகிறவர்கள் கரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இப்போது வார அறிக்கையை எந்த நாளுக்கு ஆள் சொல்லி வைப்பது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். வாருவதா வேண்டாமா என்பதை அன்று பிற்பகல்தான் முடிவு செய்வேன். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு என்று தனியாக ஒரு முன்னறிவிப்பு வருகிறதே, அதுவும் மேற்கு வானமும். நிலம் பகலெல்லாம் சூடேறி, உள்ளே மேற்கிலிருந்து வரும் மேல்காற்றும் கிழக்கே கடலிலிருந்து வரும் ஈரமான கீழ்காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கோடை மழை கட்டும். மாலையில் அது கடற்கரைப் பக்கம் நகரும். மேற்கே மின்னல் தெரிந்தால் எங்களுக்கு ஓரிரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது என்று பொருள். சில நாள் வருகிற வழியிலேயே கரைந்தும் தொலையும்.

பாட்டி வைத்தியம்

இத்தனை சதவீதம் எதற்கு? எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை.

உப்புப் பாத்தி

எறும்புக்கு முட்டையைத் தூக்கப் பத்து நிமிடம். எனக்கு நாற்பது பாத்தி இருக்கிறது, ஐயா.

மாந்தோப்பு (கிருஷ்ணகிரி)

நானும் மழையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள்தான். பிஞ்சு பிடித்த பிறகு ஒரு மழை விழுந்தால் உதிர்வது குறையும், காய் தேறும் என்று ஆசையாகக் காத்திருப்போம். ஒரு சித்திரையில் அப்படித்தான் ‘இடி மின்னலுடன் மழை’ என்று படித்துவிட்டு மகிழ்ச்சியாக இருந்தேன். அதே வரியின் கடைசியில் ‘மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று’ என்று இருந்ததை என் கண் தாண்டிவிட்டது. பெய்த மழை தூசி அடங்கவும் காணாது. காற்று மட்டும் கால் மணி நேரம் சுழற்றி அடித்தது. மறுநாள் பெங்களூரா மாமரங்களுக்கு அடியில் கால் வைக்க இடமில்லை, எல்லாம் எலுமிச்சை அளவுக் காய். ஊறுகாய்க்காரரும் வேண்டாம் என்றுவிட்டார். அன்றுமுதல் வரியைப் பின்னாலிருந்து படிக்கிறேன். வாழை போட்டிருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் முட்டுக்கொடுத்துப் பழகியவர்கள்.

இரண்டு சக்கரம் (சென்னை)

மழை பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. வீடு வீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ‘இயல்பைவிட 2, 3 டிகிரி கூடுதல்’ என்றால் என்ன பெரிதாகிவிடப் போகிறது என்று நினைத்தேன். கடலோரத்தில் 37 டிகிரியும் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியும் கூடினால்தான் வெப்ப அலை என்பார்கள். சமவெளியில் அந்த 37 என்பது 40. அந்தச் சொல் அறிக்கையில் இல்லையே என்ற தைரியத்தில் பகல் முழுக்க ஓடினேன். கடற்காற்று அன்று மூன்று மணி வரை வரவில்லை. மேல்காற்று விடாமல் வீசி அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. நான்காவது மாடிப் படியில் கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கதவைத் திறந்த அம்மா பொருளை வாங்கும் முன் ஒரு சொம்பு மோர் கொடுத்தார். இன்னொன்று: நிலையத்தில் எடுக்கிற வெப்பம் காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் எடுப்பது. தார்ச் சாலையில் சிக்னலுக்கு நிற்கிறவனின் வெப்பம் எந்த அறிக்கையிலும் வராது. காலை பத்து மணிக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று இப்போது பார்த்துக்கொள்கிறேன். மேற்கு என்றால் இரண்டு பாட்டில் தண்ணீர்.

வள்ளக்காரன் (குமரிக் கடற்கரை)

எங்களுக்கு அறிக்கையில் மழையும் இல்லை, காற்றும் இல்லை. நல்ல வெயில். அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் கள்ளக்கடல் வந்தது. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எங்கோ அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். கரையில் ஓர் ஓலைகூட ஆடாது. நெருக்கி நெருக்கி ஏற்றி வைத்திருந்த வள்ளங்கள் ஒன்றோடு ஒன்று மோதின. என்னுடையதில் பக்கப் பலகை போயிற்று. கடல் அலைக்கான எச்சரிக்கை தனியாக வரும் என்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டேன். சித்திரை, வைகாசியில் இரண்டையும் பாருங்கள், வள்ளங்களுக்கு நடுவில் இடைவெளியும் விடுங்கள்.

களத்துமேடு

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், வியாழன் மழை என்றால் வியாழன் காலையிலேயே வருமா?

உப்புப் பாத்தி

வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடியும், அண்ணா. வியாழன் இரவு பெய்வது வெள்ளிக்கிழமை அளவாகத்தான் வெளியாகும். பங்குனியில் காலையில் பெய்வது அபூர்வம். பிற்பகல் மூன்றுக்கு மேல் பயப்படுங்கள்.

களத்துமேடு

அப்படியானால் பறித்ததைப் புதன் மாலைக்குள் அடித்து மூட்டை கட்டிவிடுகிறேன், டிராக்டருக்குச் சொல்லியாயிற்று. வடக்குக் கொல்லையில் நிற்பது இன்னும் பச்சை, அதைப் பறிக்கவில்லை. தார்ப்பாயைப் பிரித்துப் பார்த்தேன். நடுவில் எலி கடித்து இரண்டு கை அகலத்துக்கு ஓட்டை. நாளைக்கு அதைத் தைக்கவேண்டும்.