சிமுலேட்டர் ஓடும்போது ஸ்டீயரிங் துண்டிக்கிறது, வீட்டு ஜிக்பீ சுவிட்சுகளும் திணறுகின்றன – உதவி தேவை

பயிற்சிஅறை:
வணக்கம். கார் ஓட்டப் பழகுவதற்கான சிமுலேட்டர். அலுமினியம் புரொஃபைல் சட்டம், டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங் (மோட்டாரோடு நேரடியாக இணைந்தது), லோட் செல் பிரேக் (மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ளது), மூன்று மானிட்டர். மொத்தமும் ஒரே ஸ்மார்ட் பிளக்கில். பக்கத்தில் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டு ஸ்மார்ட் சாதனங்களை இயக்கும் மென்பொருள்) ஓடும் மினி பிசி. அதன் பின்புறம் யூஎஸ்பி 3 எஸ்எஸ்டி, ஒட்டியே ஜிக்பீ டாங்கிள் (விளக்கு சுவிட்சுகளோடு வயர் இல்லாமல் பேசும் சின்ன யூஎஸ்பி ரேடியோ).

பிரச்சினைகள்: வேகமாகத் திருப்பினால் ஸ்டீயரிங் ஒரு நொடி துண்டித்து மீண்டும் இணைகிறது. மோட்டார் ஆன் ஆனதும், காலே வைக்காமல் பிரேக் 2–3% துடிக்கிறது. விளக்கு சுவிட்சுகள் தாமதமாகவே கேட்கின்றன. சில நேரம் ஆப்பில் பிளக்கை ஆஃப் செய்தாலும் மின்சாரம் நிற்பதில்லை.

செம்புக்கம்பி:
கடைசியாகச் சொன்னதை முதலில் கவனியுங்கள். அந்தப் பிளக்கை இப்போதே கழற்றிவிடுங்கள். உள்ளே ரிலேயின் (மின்சாரத்தை ஆன்/ஆஃப் செய்யும் பாகம்) முனைகள் ஒட்டத் தொடங்கியிருக்கின்றன. பிளக்கில் போட்டிருக்கும் '16 ஆம்ப்' என்பது ஹீட்டர் போன்ற லோடுக்கான கணக்கு. கம்ப்யூட்டர், மானிட்டர், மோட்டார் சப்ளை எல்லாவற்றிலும் காலியான கெபாசிட்டர்கள் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகங்கள்) இருக்கும்; ஆன் ஆகும் கணத்தில் அவை சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் வழக்கமான அளவைப்போல் பல மடங்கு. அந்தப் பொறியில்தான் முனைகள் உருகி ஒட்டுகின்றன.

ஸ்மார்ட் பிளக் ஒரு கான்டாக்டரின் (பெரிய லோடுக்கான கனமான ரிலே) காயிலை மட்டும் இயக்கட்டும்; மொத்த லோடும் அந்தக் கான்டாக்டர் வழியே போகட்டும். இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மானிட்டர், கம்ப்யூட்டர், ஸ்டீயரிங் என்று தனித்தனியாகப் பிரித்து, நடுவே 5 நொடி இடைவெளி விட்டு ஆன் செய்யுங்கள்.

லோட்செல்:
ஸ்டீயரிங் துண்டிப்புக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், பிரித்தறிவது எளிது. ஸ்டீயரிங் மென்பொருளில் ஃபோர்ஸை (மோட்டார் கைக்குத் தரும் விசை) 0 ஆக்கிவிட்டு அதே வேகத்தில் திருப்பிப் பாருங்கள். அப்போதும் துண்டித்தால் யூஎஸ்பி பக்கம்: விண்டோஸ் பவர் ஆப்ஷனில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' (மின்சாரம் மிச்சப்படுத்த யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் வசதி) ஆஃப், ஹப் வேண்டாம், மதர்போர்டின் பின்பக்க போர்ட்டில் நேரடியாக, கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஃபோர்ஸ் 0-வில் துண்டிப்பு நின்றுவிட்டால் அது மோட்டாரிலிருந்து வரும் மின் இரைச்சல். பிரேக் துடிப்புக்கும் அதுவே காரணம். லோட் செல் தருவது சில மில்லிவோல்ட் சிக்னல்தான், சிறு இரைச்சலும் அதில் பிரேக் அழுத்தமாகத் தெரியும்.

பயிற்சிஅறை:
ஃபோர்ஸ் 0-வில் துண்டிப்பு இல்லை, பிரேக்கும் அசையவில்லை. எல்லா பிளக்கையும் உருவிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தேன்: சட்டத்துக்கும் எர்த் முனைக்கும் தொடர்பே இல்லை.

லோட்செல்:
அதுதான். புரொஃபைலின் மேல்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் போல்ட் போட்டு இறுக்கியிருந்தாலும் ஒவ்வொரு துண்டும் தனித்தீவு. இணைப்புகளில் பூச்சைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். சட்டத்திலிருந்து எர்த்துக்கு 4 சதுர மி.மீ. பச்சை-மஞ்சள் வயர் ஒன்று. ஸ்டீயரிங், பெடல், சீட் எங்கே தொட்டாலும் எர்த் வரை 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். ஸ்டீயரிங் சப்ளை இரண்டு முள் பிளக்காக இருந்தால் இது இன்னும் அவசியம்; எர்த் இல்லாத சட்டத்தைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்று இருக்கும்.

பெடல் கேபிளை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள், சட்டத்தின் எதிர்ப்பக்கமாக இழுங்கள். குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். இரண்டு முனையிலும் கிளிப் ஃபெரைட் (இரைச்சலை அடக்கக் கேபிளில் மாட்டும் காந்தப்பொருள் வளையம்), முடிந்தால் கேபிளை அதனுள் இரண்டு சுற்று.

துடிப்பை மறைக்க மென்பொருளில் 'டெட் சோன்' (தொடக்கத்தின் சிறு அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காத பகுதி) வைக்கச் சொல்வார்கள். பயிற்சிக்கான சிமுலேட்டரில் அதைச் செய்யவே கூடாது. மெதுவாகப் பிரேக் தொடும் பழக்கம் உருவாவதே அந்த முதல் சில சதவீதத்தில்தான்.

அலைவரிசை:
ஜிக்பீ பிரச்சினை தனி. யூஎஸ்பி 3 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே இரைச்சலைக் கக்கும். எஸ்எஸ்டிக்குப் பக்கத்தில் இருக்கும் டாங்கிளுக்குக் காது அடைத்துப்போகும். 1–2 மீட்டர் யூஎஸ்பி 2 நீட்டிப்பு கேபிளில் டாங்கிளை யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றி, மானிட்டர்களிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

அடுத்து ரவுட்டர், வைஃபையும் அதே பட்டைதான். ஜிக்பீ சேனல் 11 என்றால் வைஃபையையும் 11-க்கு மாற்றி, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று பூட்டிவிடுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் இடம் வேறு: ஜிக்பீ 11 என்பது 2405 மெகாஹெர்ட்ஸ், வைஃபை 11 என்பது 2462. ஜிக்பீ சேனலைத் தொடாதீர்கள், சில சாதனங்களை மறுபடி இணைக்க வேண்டி வரும்.

செம்புக்கம்பி:
ஒன்று விட்டுப்போனது. இந்த ஸ்டீயரிங் விரலை முறுக்கும் பலமுள்ளது. சிவப்பு எமர்ஜென்சி பட்டனை வயர் வழியாகவே ஸ்டீயரிங்கோடு இணையுங்கள், உட்கார்ந்தபடியே கைக்கு எட்ட வேண்டும். ஆப், குரல் கட்டளை எதையும் அதற்கு மாற்றாக நம்பாதீர்கள். நெட்வொர்க் தடுமாறும் நேரத்தில்தான் அது தேவைப்படும். அதேபோல், டைமரோ ஆட்டோமேஷனோ ஸ்டீயரிங்கைத் தானாக ஆன் செய்யக் கூடாது. மானிட்டர், கம்ப்யூட்டர் வரை தானாக ஆகட்டும். மோட்டாரை உட்கார்ந்தவர்தான் ஆன் செய்ய வேண்டும்.