துணைவர் பாலினம் மாறத் தொடங்கிய முதல் மாதங்கள்: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

அரைத்தூக்கம்:
மாத்திரை தொடங்கிய கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் (வெளியில் இன்னும் அப்படித்தான், வீட்டுக்குள் வேறு பெயர்) ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடயாலும், ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் எடுக்கிறார். மூன்று மாதம் தாண்டியிருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரை வழக்கம்போலப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டேன். "ஸ்ஸ், மெதுவா, வலிக்குது" என்று ஈரக் கையோடு மார்பைப் பிடித்துக்கொண்டார். காம்புக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி. இந்தச் சமயத்தில் அது வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். என்னை உறுத்துவது அது இல்லை. வலிக்குது என்று சொன்னவர் சிரித்தார். எங்கள் கல்யாணப் போட்டோ ஒன்றில்கூட அந்தச் சிரிப்பு இல்லை. அவர் முதலில் சொன்னபோது நான் அழுதேன், அப்புறம் டாக்டரிடம் கூடவே போனேன், பெயர்கூட நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அந்த நொடியில் எனக்கு வந்தது பொறாமை. யார்மேல் என்று கேட்காதீர்கள். அன்றிலிருந்து அவரைக் கட்டிக்கொள்ளப் போனால் கையை எங்கே வைப்பது என்று யோசிக்கிறேன்.

ரெண்டாவது_குரல்:
நான் எதிர்ப்பக்கம், மாறுகிறவன் நான்தான். திருநம்பி (பெண்ணாகப் பிறந்ததாகப் பதிவான ஆண்), கணவர் ஆண். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் போட ஆரம்பித்து அரை வருடத்துக்குள் குரல் உடைந்துவிட்டது. ஒருநாள் போனில் சார்ஜ் தீர்ந்து, கூட வேலை பார்ப்பவரின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். "சொல்லுங்க சார், யாரு?" என்றார். "நான்தான்." "நான்தான்னா?" புரிந்ததும் இரண்டு பேரும் சிரித்தோம், சரி, அது ஒன்றுமில்லை. அன்று ராத்திரி அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தால், திரையில் என் பழைய வாய்ஸ் மெசேஜ். "சாவியை மறக்காதீங்க" என்று எப்போதோ அனுப்பியது. அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறார். எனக்கு அந்தக் குரல் காதில் விழுந்தாலே உடம்பு கூசும். அழிக்கச் சொல்லலாமா? நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

கண்ணாடிக்காரி:
அரைத்தூக்கம், உங்கள் பதிவு முழுக்க உங்கள் இழப்புதான் இருக்கிறது. அந்த வலிக்காக வருடக்கணக்கில் காத்திருந்தவள் நான். அவர் சிரிக்காமல் வேறென்ன செய்வார்? கல்யாணப் போட்டோவோடு எதற்கு ஒப்பிடுகிறீர்கள்?

என் கதை சின்னது. ஈஸ்ட்ரோஜன் தாடியைப் போக்காது, அதற்குத் தனியாக லேசர் போக வேண்டும். மேலுதடு வீங்கி வந்து படுத்திருந்தேன். மனைவி ஐஸ் வைத்துக்கொண்டே "இன்னும் எத்தனை தடவை?" என்றாள். வலியைப் பார்த்துக் கேட்டாளா, இதெல்லாம் எப்போது முடியும் என்று கேட்டாளா, தெரியவில்லை. "நிறைய" என்றேன். ஐஸை எடுக்கவில்லை, ஆனால் அதற்கப்புறம் அன்று முழுக்க அவள் பேசவும் இல்லை.

ரெண்டாவது_குரல், தயங்காமல் அழிக்கச் சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:
ஒப்பிட்டேன் என்பதைத்தானே எழுதியிருக்கிறேன். அவர் சிரித்தது தப்பு என்று எங்கே சொன்னேன்?

பழைய_உறுப்பினர்:
நானும் மனைவியும் இதைத் தாண்டி வந்தவர்கள். ஒரு ராத்திரி அவள் என் அலமாரியைத் திறந்து சட்டைகளையெல்லாம் மடித்துப் பையில் போட்டாள், நான் கேட்காமலே. அவ்வளவுதான் என் கதை. ஆனால் புதிதாக வருபவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியே ஆக வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் தொடங்குவதற்கு முன்பே விந்தணு சேமிப்பைப் பற்றிப் பேசிவிடுங்கள். ஹார்மோன் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், நிறுத்தினால் முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். ஆனால் அதை நம்பிக் கருத்தடையையும் விட்டுவிடாதீர்கள். திருநம்பிகளுக்கும் இதுவேதான்: மாதவிடாய் நின்றாலும் டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து ஆகாது, கர்ப்பம் தரித்தால் கருவுக்கும் கெடுதல். ஸ்பைரோனோலாக்டோன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், அதனால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பரிசோதனை செய்யுங்கள். ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும் அந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். புகை பிடிப்பவராக இருந்தால் விடுங்கள், ரத்தம் உறையும் ஆபத்து இருக்கிறது. விழுங்கும் மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டைக்கு அந்த ஆபத்து குறைவு. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தடவுகிறவர்கள் காய்ந்ததும் அந்த இடத்தைத் துணியால் மூட வேண்டும், கையைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் படுப்பவர் தோலிலும், குழந்தை தோலிலும் ஒட்டும். குரல் உடைந்தால் உடைந்ததுதான், திரும்பாது. ஈஸ்ட்ரோஜனால் குரல் மாறாது, அதற்குப் பயிற்சிதான்.

இதை மனநோய் என்று உறவுக்காரர் யாராவது சொன்னால், உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் மனநோய்ப் பிரிவிலிருந்தே இதை எடுத்துவிட்டார்கள், 2022 முதல் அதுதான் நடைமுறை என்று சொல்லுங்கள். பதிவில் பாலினம் மாற்றும் முன் உங்கள் நாட்டில் திருமணத்துக்கு என்ன ஆகும் என்று வக்கீலிடம் கேளுங்கள். ஜப்பானில் 2003-இல் வந்த சட்டம் மணமானவர்களை மாற்ற விடாது. ஜெர்மனியில் அதே நிபந்தனை செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. ஆளுக்கொரு ஆலோசகர் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் ஒரே ஆள் போதாது.

வெறும்பார்வை:
பழைய_உறுப்பினர், அந்தச் சட்டைப் பையைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம். மற்றதெல்லாம் டாக்டர் சொல்வார்.

அந்தச் சேமிப்பு விஷயத்தில்தான் எங்களுக்கு நடந்தது. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "பின்னாடி குழந்தை வேணுமா?" என்றார். நான் "வேண்டாம்" என்றேன். அதே நேரத்தில் அவர் "வேணும்" என்றார். கல்யாணத்துக்கு முன்னாலேயே பேசி முடித்த விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, "வெளியில் உட்கார்ந்து பேசிட்டு வாங்க" என்றார். வெளியில் நாற்காலி வரிசையில் எங்களுக்கு நடுவே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார், இடம் மாறக்கூடக் கேட்கவில்லை. "எதுக்கு வேண்டாம்னு சொன்னே? நான் இப்படி ஆகிறதாலயா?" என்று அந்த ஆளைத் தாண்டிக் கேட்டார். இல்லை, எனக்கு எப்போதுமே வேண்டாம். அதை அவர் இன்றைக்கும் நம்பவில்லை. சேமித்தோம், வருடா வருடம் பணம் கட்டுகிறோம்.

ரெண்டாவது_குரல்:
ஜெல் விஷயம் உண்மை. நான் ஊசிதான், ஆனால் ஆரம்பத்தில் ஜெல் போட்டேன். முழுக்கைச் சட்டையோடு படுக்க, அவர் கோபமா என்று கேட்டார். காரணம் சொன்ன பிறகும் அந்த ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்தார்.

கண்ணாடிக்காரி, நான் அழிக்கச் சொல்லப்போவதில்லை. நான் கேட்காத வரை அவர் வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்குச் சுலபமாக இருக்கலாம், அந்த ஆள் என்னை விட்டுப் போகவில்லை என்பதை நான் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

கண்ணாடிக்காரி:
"விட்டுப் போகவில்லை" என்பதற்கு எவ்வளவு நாள் நன்றி சொல்வீர்கள்? என் மனைவியும்தான் போகவில்லை. அதற்காக அவள் எதைச் சொன்னாலும் நான் வாயை மூடிக்கொள்கிறேனா? (மூடிக்கொள்கிறேன், அது வேறு விஷயம்.)

தனிவழி:
நாங்கள் பிரிந்துவிட்டோம். எல்லோரும் ஹார்மோன்தான் காரணம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து, அவர் என்னிடம் சொல்வதற்கு முன் தன் தங்கையிடம் சொன்னதுதான். தங்கை என்னைப் பார்த்து "அண்ணி, நீங்க தைரியமா இருக்கீங்களே" என்றாள். எதற்குத் தைரியம் என்று எனக்கு அப்போது தெரியாது. இருந்தும் தலையை ஆட்டினேன்.

அரைத்தூக்கம்:
தனிவழி, அது நடந்திருந்தால் நானும் தாங்கியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் அவருடைய அம்மா வருகிறார், ஒரு மாதம் தங்குவார். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. மாமியார் உங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது இந்தக் கட்டம் தாண்டியவர்கள் எழுதுங்கள். ஆலோசனை வேண்டாம், நடந்ததை மட்டும்.

பழைய_உறுப்பினர்:
ஆலோசனை இல்லை, ஒன்றே ஒன்று: அம்மாவிடம் சொல்லப்போவது நீங்களா அவரா என்பதை வருவதற்கு முன்பே பேசி வையுங்கள். அப்புறம் மாத்திரைப் பெட்டியைக் குளியலறையில் வைக்காதீர்கள்.