தருமபுரி வெயிலில் ஐவி: இலையில் தண்ணீர் தெளிக்கணுமா?

தகடூரான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: ஐவியை வீட்டுக்குள் வளர்க்க ஒரு வித்தையும் வேண்டாமாம், காலை மாலை இலையில் ஸ்பிரே பண்ணினால் போதுமாம், சித்திரை வெயிலிலும் தளதளவென்று இருக்குமாம். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஐவி ஐரோப்பாக் குளிரில் வளர்ந்த கொடி. நீங்கள் தெளிக்கிற ஈரம் ஃபேன் காற்றில் கொஞ்ச நேரத்தில் போய்விடும். இலை நனைந்தே கிடந்தால் புள்ளி நோய்தான் மிச்சம். மேல்மண் காய்ந்ததும் நன்றாக ஊற்றி, அடித்தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். வேர் அழுகாது.

ஓசூர்_ரோஜா:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே அண்ணா? வறண்ட காற்றில் ஐவிக்கு முதல் எதிரி மைட்ஸ், அதாவது இலைச் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன். இலையை நனைத்தால் அது அண்டாது. ரோஜாவுக்குப் பசுமைக்குடில் போடுகிற ஊர்க்காரிக்கு மைட்ஸ் பற்றிப் பாடம் வேண்டாம்.

தகடூரான்:
மைட்ஸ் இலைக்கு அடியில் இருக்கும். கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி மேலே தெளித்தால் அது ஏன் ஓடப்போகிறது? தொட்டியைக் குழாயடிக்குத் தூக்கிப்போய், அடி இலையில் படும்படி வேகமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும்.

ஓசூர்_ரோஜா:
அதுவும் இலையை நனைப்பதுதானே? நான் சொன்னதையே திருப்பிச் சொல்ல இவ்வளவு கோபமா?

தகடூரான்:
நான் சொன்னது கழுவுவது. நீங்கள் சொன்னது தெளிப்பது.

பென்னாகரம்_அக்கா:
எங்கள் போர் தண்ணீரைத் தெளித்தால் இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு படிகிறது தம்பி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்போது பிடித்து வைத்து ஊற்றுகிறேன். ஐவி ஜன்னலைச் சுற்றி ஓடுகிறது.

தகடூரான்:
அக்கா, நீங்கள் போட்ட படத்தில் இருந்தது மணி பிளாண்ட். அது நம் வெயிலையும் தாங்கும், ஐவி தாங்காது.

பென்னாகரம்_அக்கா:
நர்சரியில் ஐவி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காசு கொடுத்தது நான், பெயர் வைப்பது நீயா?

மாங்கனி_நகர்:
சண்டை எதற்கு? ஹாலில் ஒரு ஐவி இருந்தால் காற்று சுத்தமாகும். நாசாவே 1989-ல் சொல்லிவிட்டது.

தகடூரான்:
அது மூடிய பெட்டிக்குள் செய்த சோதனை சார். ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை தேவைப்படும் என்று 2019-ல் கணக்குப் போட்டார்கள். உங்கள் ஹாலில் நீங்கள் உட்கார இடம் இருக்காது. வீட்டில் பூனை இருந்தால் இலையைக் கடிக்காமல் பாருங்கள், விஷம். அது கிடக்கட்டும், நீங்களும் ஸ்பிரே கட்சியா?

ஓசூர்_ரோஜா:
இவருக்கு எதைப் பேசினாலும் ஸ்பிரேதான். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். எங்கள் குளிரில் ஐவி வரும். உங்கள் ஊரில் வராததற்கு என் ஸ்பிரே பாட்டில் என்ன செய்யும்? போன மழைக்கு நடுவதற்கு ஐவிக் கிளைத் துண்டு தருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியவர்தானே நீங்கள்.

தகடூரான்:
தெளித்துத் தெளித்தே கொல்பவர்களுக்குத் துண்டு தருவதில்லை.

ஓசூர்_ரோஜா:
இருந்தால்தானே தருவதற்கு!

பாலக்கோடு_புதுசு:
வெள்ளை விளிம்பு ஐவி வாங்கினேன். புது இலை எல்லாம் வெறும் பச்சையாக வருகிறது. என்ன செய்யலாம்?

தகடூரான்:
வெளிச்சம் போதவில்லை. கிழக்கு ஜன்னல் பக்கம் வையுங்கள், உச்சி வெயில் படக்கூடாது. பச்சையாக வரும் கிளையை வெட்டிவிடுங்கள். முக்கியமாக, ஸ்பிரே பண்ணாதீர்கள்.

ஓசூர்_ரோஜா:
பண்ணுங்கள் தம்பி.