பார்க்காத சீட்டு: டோம்பிவிலி குடும்பக் குழுவில் ஒரு கணக்கு

காவ்யா, இரவு 8:12
கார்த்திக் அண்ணா, இருக்கிறாயா? நாளைக்கு நிகழ்தகவுத் தேர்வு. 52 சீட்டுள்ள கட்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சீட்டு எடுக்கிறோம், எடுத்ததைத் திரும்ப வைப்பதில்லை. கட்டில் நான்கு ஏஸ், ஆகவே இரண்டும் ஏஸாக இருக்க 4/52 × 3/51, அதாவது 1/221. இது வந்துவிட்டது. அடுத்த கேள்விதான் உயிரை வாங்குகிறது. முதல் சீட்டைப் பார்க்காமலே கவிழ்த்து வைத்துவிட்டோமாம். இரண்டாவது ஏஸாக இருக்க வாய்ப்பு என்ன? விடை 1/13 என்கிறார்கள். கட்டில் மீதி இருப்பதே 51தான், 13 எங்கிருந்து வந்தது?

அத்தை, 8:14
அச்சுப்பிழையாக இருக்கும். டியூஷன் நோட்ஸில் எதுதான் சரியாக இருந்தது?

கார்த்திக், 8:19
அச்சுப்பிழை இல்லை அத்தை. காவ்யா, இரண்டு வழியாகப் பிரித்துக்கொள்.
முதலில் ஏஸ் போயிருந்தால்: 4/52 × 3/51 = 12/2652
முதலில் வேறு சீட்டு போயிருந்தால்: 48/52 × 4/51 = 192/2652
கூட்டினால் 204/2652. சுருக்கினால் 1/13.

காவ்யா, 8:22
கணக்கு வருகிறது. மனதுக்குத்தான் ஒப்பவில்லை. ஒரு சீட்டு குறைந்த பிறகும் எப்படிப் பழைய வாய்ப்பே இருக்கும்?

பெரியப்பா, 8:31
கண்ணு, நன்றாகக் கலைத்த கட்டை எடு. மேலே இருந்து எடுக்காதே, அடியில் இருக்கும் கடைசிச் சீட்டை உருவு. அது ஏஸாக இருக்க வாய்ப்பு என்ன? 4/52தானே? அதற்கு மேலே 51 சீட்டு இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடைசிக்கு வந்தாலும் அதே சீட்டுதான். பார்க்காத சீட்டு கட்டில் இருந்தால் என்ன, மேசையில் கிடந்தால் என்ன?

காவ்யா, 8:33
ஓ! அப்படியென்றால் முதல் சீட்டைப் பார்த்துவிட்டால்?

பெரியப்பா, 8:35
அது வேறு கதை. ஏஸைப் பார்த்திருந்தால் 3/51, வேறு எதையாவது பார்த்திருந்தால் 4/51. டோம்பிவிலியிலிருந்து மத்திய ரயில்வேயில் வி.டி. (இப்போது சி.எஸ்.எம்.டி.) போகும் மும்பை லோக்கல் ரயிலில் எங்கள் கூட்டம் ரம்மி ஆடும். நான்கு பேர் முழங்காலின் மேல் ஒரு பெட்டி, அதன்மேல் விரித்த செய்தித்தாள். குர்லாவில் கூட்டம் நெருக்கினாலும் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஆடுவோம். இரண்டு கட்டு சேர்த்த ஆட்டம், ஆகவே இஸ்பேட் ஏழு இரண்டு இருக்கும். ஆறு, ஏழு, எட்டு என்று ஒரே சின்னத்தில் வரிசை சேர்க்க வேண்டும். இரண்டும் கீழே விழுந்ததைப் பார்த்தவன் இஸ்பேட் ஆறையும் எட்டையும் ஏழுக்காகப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டான். பார்க்காதவன் சர்ச்கேட்டிலேயே போய் உட்கார்ந்தாலும் அந்த ஏழு வராது.

கார்த்திக், 8:36
அப்பா, சர்ச்கேட் மேற்கு ரயில்வே. நம் வண்டி அங்கே போகாதே.

பெரியப்பா, 8:37
அதனால்தான் சொன்னேன்.

பெரியப்பா, 8:41
உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. ஆந்திர அரசு செகந்திராபாத்தில் ஒரு கிளப்பின் மீது போட்ட வழக்கு, 1967-இல் தீர்ப்பு வந்தது. விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும், ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார்கள். மூன்று சீட்டு ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம் என்று அதே தீர்ப்பில் ஒதுக்கினார்கள்.

அத்தை, 8:44
அதிர்ஷ்டம் என்று யார் சொன்னது? போன தீபாவளிக்கு எங்கள் செம்பூர் கட்டடத்தில் தீன் பத்தி, அதாவது அந்த மூன்று சீட்டு ஆட்டம்தான் ஆடினோம். போடுகிறவர் ஒரு சீட்டைத் தவறவிட்டு அடியில் செருகினார். என் கையில் இரண்டு ராணி, ஒரு ஏழு. எதிரில் இருந்தவருக்கு மூன்றும் ஒன்பது, ஜோடியை அடிக்கும் கை! அந்தச் சீட்டு ஒழுங்காக விழுந்திருந்தால் அவருக்கு அந்த ஒன்பது வந்திருக்குமா அண்ணா?

பெரியப்பா, 8:46
வந்திருக்காது. உனக்கு அந்த ராணியும் வந்திருக்காது. சீட்டு மாறும், வாய்ப்பு மாறாது.

காவ்யா, 8:47
அண்ணா, மூன்றும் ஒரே எண்ணாக வர நானே போட்டுப் பார்க்கிறேன். முதல் சீட்டு எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது அதோடு பொருந்த 3/51, மூன்றாவது 2/50. ஆக 6/2550, அதாவது 1/425. சரியா?

கார்த்திக், 8:53
மிகச் சரி. ஆனால் அத்தை தன் கையைப் பார்த்துவிட்டார்கள் அல்லவா? மீதி 49 சீட்டில் மூன்று எடுக்க 18,424 வழி. ராணி இரண்டே மீதி, மூன்று ராணி யாருக்கும் வர முடியாது. மூன்று ஏழுக்கு ஒரே வழி. மற்ற 11 எண்களில் ஒவ்வொன்றுக்கும் 4 வழி. மொத்தம் 45. எதிரில் ஒருவருக்கு 45/18,424, ஏறத்தாழ 409-இல் ஒன்று. கொஞ்சம் கூடியிருக்கிறது, கவனி. அத்தையின் சீட்டு இரண்டு எண்களைத்தான் உடைத்தது, மற்ற 11-ம் முழுசாக இருக்கின்றன, கட்டு மட்டும் சிறுத்துவிட்டது.

அத்தை, 8:55
எனக்கு எதிரே ஐந்து பேர் இருந்தார்கள்.

கார்த்திக், 8:57
அப்படியானால் யாராவது ஒருவருக்கு மூன்று ஒரே எண் வர ஏறத்தாழ 82-இல் ஒன்று. நடக்கக்கூடியதுதான். ஆனால் நூற்றுக்கு 74 கைகள் ஜோடிக்கும் கீழேதான் அத்தை, ராணி ஜோடியோடு நீங்கள் பணம் கட்டியதில் தப்பே இல்லை.

அத்தை, 8:58
இதை என் வீட்டுக்காரரிடம் நீயே போன் பண்ணிச் சொல்.

அம்மா, 9:02
சீட்டாட்டம் போதும். காவ்யா, பாடம் முடிந்ததா?

காவ்யா, 9:06
ஒன்றே ஒன்று, அம்மா. இரண்டு சீட்டில் குறைந்தது ஒரு ஏஸ். நேராகப் போட்டால் மூன்று வழி வருகிறது, அதனால் ஏஸே வராததைக் கழித்தேன். 48/52 × 47/51 = 188/221. ஒன்றிலிருந்து கழித்தால் 33/221, நூற்றுக்குப் பதினைந்து.

கார்த்திக், 9:07
சரி. தேர்வில் 'திரும்ப வைத்து' என்று கேட்டால் 51-ஐ எழுதிவிடாதே.